பேசாத பிள்ளையின் பதில்கள்

காரைக்கால் நீதிமன்றத்துக்கு எதிரே, ஒரு பெட்டிக்கடையை ஒட்டி மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் அருளானந்தம். தட்டச்சு வேலை. பாகப்பிரிவினை, வாடகை ஒப்பந்தம், பட்டா மாற்றம் என்று ஊரின் சண்டையும் சமாதானமும் என் விரல் வழியாகத்தான் போய்வரும். அடிக்கிற வரிகளை மனசில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. வாங்கினால் வேகம் குறையும். அந்த வழக்கம் எப்பேர்ப்பட்டது என்று எனக்குக் காட்டியவள் காரைக்கால்மேட்டு அஞ்சுகம்.

அஞ்சுகம் மீன் விற்கிறவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு நகருக்குள் வருவாள். நாலு தெரு சுற்றிப் பதினோரு மணிக்குள் கூடையைக் கவிழ்த்துவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். கணவன் நீலமேகம் விசைப்படகில் ஆளாகப் போகிறவன். ஒரே பெண், பாரதிப்ரியா. 1997-இல் பிறந்தவள்.

பிள்ளை இரண்டு வயதிலும் பேசவில்லை, மூன்று வயதிலும் பேசவில்லை. "சில புள்ளைவ மெதுவாத்தான் பேசும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். நாலு வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். ஒரே வாரத்தில் டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். கூப்பிட்டால் வருவதில்லை, உட்கார் என்றால் உட்காருவதில்லை, மற்றப் பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளுகிறாள் என்று புகார்.

2002-ஆம் வருஷம், ஒரு தொண்டு அமைப்பு கல்யாண மண்டபம் ஒன்றில் ஊனமுற்றோர் சான்றிதழுக்கு முகாம் நடத்தியது. குழந்தைகளின் புத்தியைச் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் உளவியலாளர் குஞ்சிதபாதம். நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, அதட்டிப் பேசாத குரல். தோமாஸ் அருள் வீதியில் மருந்துக்கடை மாடியில் அவருக்கு ஓர் ஆலோசனை அறை இருந்தது. பரீட்சை நேரத்தில் பயந்துபோகும் பிள்ளைகளுக்கு இலவசமாகவே தைரியம் சொல்லி அனுப்புவார். தில்லியில் இத்தகைய நிபுணர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பதிவெண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருந்தார். ஊரில் நல்ல பெயர்.

அஞ்சுகத்தின் முறை வந்தபோது மணி ஒன்று. "பேசுவாளா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டரய்யா" என்றாள். ஒரு மரக்கட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். அது கட்டையை வாயில் வைத்தது. "சரிம்மா, போயிட்டு வாங்க. சான்றிதழ் வந்துடும்" என்றார். மூன்று நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம்.

சான்றிதழ் வந்தது. மூளை வளர்ச்சிக் குறைவு, நுண்ணறிவு எண் முப்பத்தெட்டு. அவருடைய அறிக்கையைப் பார்த்துத்தான் மற்ற டாக்டர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாத உதவித்தொகை கிடைத்தது, பஸ் பாஸ் கிடைத்தது. அதோடு பிள்ளையைப் பற்றிய விசாரணை வீட்டில் முடிந்துபோனது. இனி எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, எந்த டாக்டரும் இல்லை. அஞ்சுகம் விற்கப் போகும்போது வலைக்கயிற்றில் ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையின் கணுக்காலில் கட்டி, மறுமுனையை வீட்டின் நடுத்தூணில் முடிந்துவிட்டுப் போவாள். கடல் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்ற பயம். மூன்று வருஷம் அப்படித்தான் போனது.

2004 டிசம்பர் மாதம், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சுகம் வீட்டில்தான் இருந்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள். பிள்ளை கரையோரம் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தது. கடல் எழும்பியதைப் பார்த்து ஊரே அலறிக்கொண்டு மேற்கே ஓடியது. "ஓடியா, ஓடியா" என்று அத்தனை பேரும் கத்தியும் பாரதிப்ரியா திரும்பிப் பார்க்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தே நின்றாள். அஞ்சுகம் எதிர்த்து ஓடிப்போய்த் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார்கள். "புத்தியில்லாத புள்ள, ஓடக்கூடத் தெரியல பாருங்க" என்று பிற்பாடு நிவாரண முகாமில் எல்லோரிடமும் சொல்லி அழுதிருக்கிறாள்.

வீடு போனது, கூடை போனது, சான்றிதழும் போனது. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். அப்போது சில வாரங்கள் யாரும் மீன் வாங்கவில்லை. கடலில் போன பிணங்களை மீன் தின்றிருக்கும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கையில் வருமானமே இல்லாத நேரத்தில் பிள்ளையின் உதவித்தொகையும் நின்றுவிடக் கூடாது என்று, 2005 மார்ச்சில் சான்றிதழ் நகல் கேட்டு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா பழைய கோப்பைத் தேடியெடுத்து, "எல்லாத்தையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்று கொடுத்தனுப்பினார்.

ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டும் ஆங்கிலம். மூன்றாவது தாளில் கட்டம் போட்டு, கையால் தமிழில் எழுதியிருந்தது. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். அஞ்சுகம் கடை வாசலில் நின்றபடி எழுத்துக்கூட்டினாள்.

உன் பெயர் என்ன? பாப்பா.

மீன் எங்கே இருக்கும்? கடல்ல.

படத்தில் இருப்பது என்ன? படகு.

யாருடன் வந்தாய்? அம்மா.

மேலே பார்த்தாள். பாரதிப்ரியா, தகப்பன் பெயர் நீலமேகம், காரைக்கால்மேடு என்று தெளிவாக இருந்தது. கடைப்பெண்ணிடம் நீட்டி, "இது என்ன எழுத்து, படிச்சுச் சொல்லு தாயி" என்றாள். "அம்மான்னு போட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண். அஞ்சுகம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு அவள் திரும்பிப் போகவில்லை. கோப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்கு ஓடினாள். பிள்ளையின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கையில் ஏந்தி, "அம்மான்னு சொன்னியாமேடி? யாரோ ஒருத்தருகிட்ட சொன்னியாமே? ஒரு தரம் எனக்குச் சொல்லுடி" என்று கேட்டாள். பிள்ளை அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் குஞ்சிதபாதத்தின் மாடிக்குப் போனாள். குற்றம் சொல்லப் போகவில்லை. அவர் மீது அப்போது அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தான் ஒரு தடவையும் கேட்காத குரலைக் கேட்டவர் அவர் என்ற எண்ணம்தான்.

"எம் பொண்ணு உங்ககிட்ட பேசியிருக்கா டாக்டரய்யா" என்று தாளை நீட்டினாள். "எப்புடிச் சொன்னா? கொரலு எப்புடிங்க இருந்துச்சு?"

அவர் தாளைப் பார்த்தார். 

"மூணு வருஷம் ஆயிடுச்சேம்மா…"

"ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அம்மான்னு சொன்னாளா? உள்ளபடியே சொன்னாளா?"

"சொன்னா" என்றார். "மெல்லமாத்தான் சொன்னா. பயந்த புள்ளை பாருங்க, வீட்டுல பேசாது, வெளியாளுங்ககிட்ட சில சமயம் பேசிடும். நீங்க விடாமப் பேச்சுக் குடுங்க. வரும்."

அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு நாலு மாதம் அந்தக் கொட்டகையில் நடந்ததை அஞ்சுகம் என்னிடம் சொன்னபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மான்னு சொல்லு, தர்றேன்" என்பாளாம். சொல்லாவிட்டால் பழத்தைத் தானே தின்றுவிடுவாளாம். ஒரு நாள் முழுக்கச் சோறு போடாமல் இருந்து பார்த்தாள். நீலமேகம் கோபப்பட்டான். "அதுக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. நீ ஏன்டி போட்டு வதைக்கிற?" என்றான். அவள் தாளைக் காட்டி, "பேசியிருக்கா. இந்தா எழுதியிருக்குல்ல" என்றாள். ஒரு மத்தியானம் அகப்பையால் அடித்தும்விட்டாள். "ஊர்ல எவங்கிட்டயோ பேசுவ, பெத்தவகிட்ட பேச மாட்டியா?" என்று கத்திக் கத்தி அடித்தாள். தோளில் தடித்துப்போனது. பிள்ளை அழுததே தவிர, ஏன் அடி விழுகிறது என்று அதற்குத் தெரியவில்லை.

ஜூலை மாதம் கொட்டகைக் குடியிருப்பில் காது பரிசோதனை நடந்தது. பரிசோதித்தவள் ஆன்லின். காரைக்கால் பெண்தான். சென்னையில் செவித்திறன், பேச்சுப் பயிற்சிக்கான படிப்பை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். அலை அடித்து, தண்ணீர் புகுந்து காதில் சீழ் வைத்தவர்களைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். பாரதிப்ரியா அந்த வரிசையில் இல்லை. சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவளைத்தான் ஆன்லின் கவனித்தாள். பின்னாலிருந்து ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்தபோது எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள், இவள் திரும்பவில்லை.

"இந்தப் புள்ளைக்குக் காது பார்த்திருக்கீங்களாக்கா?"

"அதுக்குக் காதுல ஒண்ணுமில்ல மேடம். புத்திதான் கொறவு. சர்ட்டிபிகேட்டு இருக்கு."

"கூப்பிட்டா திரும்புவாளா?"

"மனசிருந்தா திரும்புவா."

"அவளுக்குப் பின்னால நின்னு கூப்பிடுங்க. தொடாதீங்க, தரையை உதைக்காதீங்க. பேரை மட்டும் சொல்லுங்க."

அஞ்சுகம் பின்னால் நின்று கூப்பிட்டாள். பிள்ளை பாசிமணி கோத்துக்கொண்டிருந்தது. உரக்கக் கூப்பிட்டாள். மீன் விற்கிற குரல். மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். பிள்ளை அடுத்த மணியை எடுத்தது. ஆன்லின் இயந்திரத்தை வைத்துச் சோதித்துவிட்டு, கோடு போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இவளுக்குக் காது கேட்கலைக்கா. ரெண்டு காதும். பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருக்கணும்."

"எப்புடி மேடம்? படகு இஞ்சின் போட்டா கரைக்கு ஓடுவாளே!"

"தரை அதிர்றது கால்ல தெரியும். அதைப் பிடிச்சு ஓடியிருக்கா. ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளைக்கா இது."

அஞ்சுகத்துக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய், மடித்து மடித்து நைந்துபோன ஜெராக்ஸ் தாளை எடுத்துவந்தாள். "அப்ப இது எப்புடி? பேசியிருக்காளே!"

ஆன்லின் அதை ஒரு முறை படித்தாள். திரும்பவும் படித்தாள். அவளுடைய முகம் மாறிப்போனது.

"அக்கா, இவ காதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை விழுந்ததில்ல. கேக்காத வார்த்தையை எப்படிச் சொல்லுவா? இதுல இருக்கிற ஒண்ணைக்கூட இவ சொல்லியிருக்க முடியாது. இதை யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க."

அஞ்சுகம் பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "அழுவயே வரல சார். காது ரெண்டும் அடைச்சிக்கிட்டு, எனக்கே எதுவும் கேக்காமப் போனாப்ல இருந்துச்சு. கயித்துல கட்டிப்போட்டேனே, அது கண்ணுல வருது. அலை வந்தப்ப கத்துனோமே, அது வருது. அகப்பையால அடிச்சேனே. அந்தப் புள்ள என் வாயி அசையுறதத்தானே சார் பாத்துக்கிட்டு இருந்திருக்கு!"

நீலமேகத்திடம் அன்று சாயங்காலம் சொன்னாள். அவன் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, தன் கையை ஒரு தரம் தட்டிப் பார்த்தான். அப்புறம் வெளியே போனவன் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

ஆகஸ்ட் மாதம் ஆன்லினும் அஞ்சுகமும் என் மேசைக்கு வந்தார்கள். தில்லி கவுன்சிலுக்குப் புகார் மனு அடிக்க வேண்டும். பதிவு பெற்ற நிபுணர் தன் தொழிலில் தவறு செய்தால் விசாரித்துப் பதிவை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஆன்லின் விளக்கினாள். யார் மேல் புகார் என்று கேட்டேன். ஆன்லின் பெயரைச் சொன்னாள்.

"குஞ்சிதபாதம் சார் மேலயா? நல்ல மனுசராச்சேம்மா" என்றேன்.

"நல்லவருதான் சார். நானும் அவரு காலத் தொட்டுக் கும்பிட்டவதான்" என்று சொல்லி அஞ்சுகம் கோப்பை மேசையில் வைத்தாள்.

இணைப்புகளை வரிசைப்படுத்த வேண்டுமென்று தாள்களைப் புரட்டினேன். ஆங்கில அறிக்கையின் நாலாவது வரியில் கண் நின்றது. குழந்தை நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தது என்று ஒரு வாக்கியம். ஒத்துழைப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் நடுவே ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடிப்பது என் பழைய வியாதி. எத்தனையோ வக்கீல்கள் திட்டியும் போகாதது. அந்த எழுத்து அங்கேயும் விடுபட்டிருந்தது.

2002-இல் குஞ்சிதபாதம் ஒரு மாதிரி அறிக்கையையும் ஒரு பெயர்ப் பட்டியலையும் கொண்டுவந்து கொடுத்தார். "பேர், வயசு, நம்பர் மட்டும் மாத்திக்குங்க அருளானந்தம், மீதியெல்லாம் ஒண்ணுதான்" என்றார். நானும் மாற்றினேன். ஒரே வாரத்தில் நூற்றுக்கு மேல் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை என்று எனக்கு ஒரு நிமிஷமும் உறைக்கவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். மனுவை அடித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அஞ்சுகம் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாத பிள்ளையோடு எட்டு வருஷம் வாழ்ந்தவளுக்கு முகம் படிக்கத் தெரியாமல் இருக்குமா?

"என்ன சார்?"

"இதை அடிச்சது நான்தாம்மா" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "நீங்களுமா?" என்றாள். ரோட்டைக் கடந்து போய்விட்டாள். ஆன்லின்தான் சமாதானப்படுத்தி அழைத்துவந்தாள். அன்று நான் அடித்த மனுவில் என் பெயரையும் சாட்சியாகச் சேர்த்தேன். அஞ்சுகம் கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் தாள் கிழிந்து, திரும்பவும் ஒன்று அடிக்க வேண்டியதாயிற்று.

நோட்டீஸ் போனதும் குஞ்சிதபாதம் என்னைத் தேடி வந்தார். மேசை எதிரே உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களும்தானே அடிச்சீங்க அருளானந்தம்" என்றார்.

"ஆமாங்க. அதைத்தான் சொல்லப் போறேன்."

"நூத்திப் பன்னண்டு புள்ளைங்க, ஒரே நாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கலை. பேப்பர் இல்லாட்டி அதுகளுக்கு ஒரு உதவியும் கிடைக்காது. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா அத்தனை பேரும் வெறுங்கையோடதானே போயிருப்பாங்க?" அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

விசாரணை 2006 ஆகஸ்டில் புதுச்சேரியில் நடந்தது. நானும் அஞ்சுகமும் ஆன்லினும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனோம். ஓர் அரசு கட்டடத்தின் மாடியில் நீள மேசை. மூன்று பேர் குழு. நடுவில் இருந்தவர் வயதான பேராசிரியை. எதிரே குஞ்சிதபாதம், அதே வெள்ளைச் சட்டையில்.

முதலில் என்னைக் கேட்டார்கள். மாதிரி அறிக்கை, பெயர்ப் பட்டியல், நான் அடித்த கணக்கு எல்லாம் சொன்னேன். ஆன்லின் காது பரிசோதனைத் தாளை விளக்கினாள். பிறகு பேராசிரியை ஒரு கட்டைப் பிரித்தார். அந்த முகாமில் சோதித்ததாகச் சொன்ன பிள்ளைகளின் பதில் தாள்களை அலுவலகத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். மேசை நிறைந்து, தாள்கள் நாற்காலியிலும் வந்தன.

மீன் எங்கே இருக்கும்? கடல்ல. கடல்ல. கடல்ல.

யாருடன் வந்தாய்? அம்மா. அம்மா. அம்மா.

வரிச்சிக்குடி வயல்காட்டுப் பிள்ளையும் கடல்ல என்றது. தாய் செத்து, தகப்பன் தோளில் வந்த பிள்ளையும் அம்மா என்றது. எழுபத்து மூன்று தாள்களில் எழுத்து மாறாமல் அதே பதில்கள். குழுவில் இருந்த இளையவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார் பேராசிரியை.

"தெரியும்" என்றார் குஞ்சிதபாதம்.

"சோதனை செய்தீர்களா?"

"இல்லை. ராத்திரி வீட்டுல உக்காந்து எழுதினேன்."

அஞ்சுகத்திடம், சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் குழுவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"எழுதுனீங்க, சரி. வேலை நெறைய இருந்துச்சு, எழுதிட்டீங்க. நான் மாடியேறி வந்து கேட்டேனே, அப்ப ஏன் டாக்டரய்யா பேசினான்னு சொன்னீங்க? அந்த நேரத்துல இல்லன்னு சொல்லியிருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேனே. பட்டினி போட்டிருக்க மாட்டேனே."

அவர் தலை குனிந்திருந்தது. நிமிராமலே சொன்னார்: "நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்கம்மா. சொல்ல வாய் வரலை."

அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

2007 பிப்ரவரியில் பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. பதிவேட்டிலிருந்து குஞ்சிதபாதத்தின் பெயர் நீக்கப்பட்டது. பதிவுச் சான்றிதழைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். உளவியலாளர் என்று பலகை வைத்துத் தொழில் செய்யக் கூடாது. அவர் கையெழுத்திட்ட அறிக்கைகள் அனைத்தையும் மறுபரிசோதனை செய்யும்படி மாவட்ட அதிகாரிகளுக்கும் எழுதியிருந்தார்கள். நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அஞ்சுகம் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. குஞ்சிதபாதம் மேல்முறையீடு செய்யவில்லை. ஒரு மாதத்தில் மாடி அறையைக் காலி செய்துகொண்டு திருச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தோடு முடியும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மறுபரிசோதனை முடியும்வரை அவருடைய அறிக்கையை வைத்து வாங்கிய சான்றிதழ் எதுவும் செல்லாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் உதவித்தொகை நின்றது. அதில் ஒருத்தி கமருன்னிசா. அவளுடைய மகனுக்குப் பதினாறு வயது, தானாகச் சாப்பிடவும் தெரியாது. அவள் அஞ்சுகத்தின் மீன் கூடையை வழிமறித்து நின்றாள்.

"உம் புள்ளைக்குக் காதுதான் கேக்கல, மூளை இருக்கு. எம் மவனுக்கு? அல்லா மேல ஆணையா சொல்லு, எம் மவன் நல்லா இருக்கான்னு நீ நெனைக்கிறியா?"

"இல்லக்கா."

"அப்ப அவன் வாயில ஏன் மண்ணள்ளிப் போட்ட? அவரு பொய்யாவே எழுதட்டும். எனக்கு அது உண்மையாத்தானே இருந்துச்சு!"

அஞ்சுகம் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். மறுபரிசோதனைக்கு ஆள் வந்துசேர ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் கமருன்னிசாவின் தெருவில் அவள் கூடையை இறக்கவில்லை. முடிவு வந்தபோது கமருன்னிசாவின் மகனுக்குப் பழையபடியே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்குக் காதுதான் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு அப்போது பதினாலு வயது. அவளுடைய தாய் அஞ்சுகத்தின் கொட்டகையைத் தேடிவந்து, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனாள். கமருன்னிசா இன்றுவரை அஞ்சுகத்தோடு பேசுவதில்லை.

பாரதிப்ரியாவைத் தஞ்சாவூர்ப் பக்கம் காது கேளாதோர் பள்ளி விடுதியில் 2006 ஜூனிலேயே சேர்த்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போன அஞ்சுகத்திடம் ஆசிரியை ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு மனுஷருக்கும் பெயர் என்று ஒன்று உண்டு என்பதே இந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்த அன்று விடுதி முழுக்க ஓடி, எதிரே வந்த ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு, உனக்கு என்ன பெயர் என்று கையால் கேட்டிருக்கிறாள். சமையல்காரரையும் கேட்டாளாம், கட்டிப்போட்டிருந்த ஆட்டையும் கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அஞ்சுகம் சிரித்தாள். ஒன்பது வருஷம் பெயர் இல்லாமல் இருந்த பிள்ளையை நினைத்து எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2008 மே மாதம் விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். புதிய வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு மனு. நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள் பெண். எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, காதில் கருவி. நான் அடிப்பதையே குனிந்து பார்த்தாள். பிறகு என்னைக் காட்டித் தாயிடம் கையசைத்துக் கேட்டாள். அஞ்சுகமும் விரல்களால் பதில் சொன்னாள். கொச்சைதான், இருந்தாலும் தடையில்லாமல் வந்தது.

"என்ன கேக்குறா?" என்றேன்.

"நீங்க யாருன்னு கேட்டா. ரெண்டு பேப்பரையும் அடிச்சவருன்னு சொன்னேன். பொய்யான பேப்பரையும், அதுக்கு மேல போட்ட புகாரையும்."

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து ஏதோ கேட்டாள். அதற்குப் பொருள் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஆனாலும் அஞ்சுகம் சொன்னாள்.

"முதல் பேப்பர எதுக்கு அடிச்சீங்கன்னு கேக்குறா சார்."

"கூலிக்கும்மா" என்றேன்.

அஞ்சுகம் அதைக் கையால் சொன்னாள். பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் எழுந்தார்கள்.